இருப்புப் பாதையில் ஒரு காலை... ரயில் இல்லாமல்!

இருப்புப் பாதை என்றால் நமக்கு ரயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் இத்தாலியில் 'வியா ஃபெராட்டா' என்று ஒன்று இருக்கிறது. அதற்கும் அர்த்தம் இரும்புப் பாதைதான். அங்கே தண்டவாளமும் கிடையாது, வண்டியும் கிடையாது. செங்குத்தான பாறைச் சுவர், அதன்மேல் நீளமாக ஓடும் சுண்டுவிரல் கனத்து இரும்பு வடம், சில அடிகளுக்கு ஒருமுறை அதைப் பாறையோடு பிணைத்திருக்கும் முளை, கால் வைக்க வழியே இல்லாத இடங்களில் படிக்கம்பிகளோ ஏணியோ... அவ்வளவுதான் பாதை! நம் இடுப்பிலிருந்து வரும் இரண்டு கொக்கிகளை அந்த வடத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டியது.

"இதெல்லாம் நமக்கு எதற்கு? வீட்டிலே இருக்கிற படி ஏறினாலே முழங்கால் கேட்கிறது" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் சொன்னேன். மூன்றாவது மாடியில் துணி உலர்த்தும்போதுகூடக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி நிற்கிறவள் நான். மகன் ஜெர்மனியில் ம்யூனிக் நகரத்தில் வேலை பார்க்கிறான். அங்கே போயிருந்தபோது ஒரு வார லீவில் காரிலே ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மகன், மருமகள், ஒன்றரை வயதுப் பேரன், நான். ஊர் பெயர் கோர்ட்டினா டாம்பெட்ஸோ. 1956-ல் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்த ஊர்.

ஊரைச் சுற்றி நாலு பக்கமும் டோலமைட் மலைகள். அடேயப்பா, அந்த மலைகளை எப்படிச் சொல்வது! நம் நீலகிரி மாதிரி பச்சைப் போர்வை போர்த்திக்கொண்டிருக்கும் மலைகள் இல்லை. புல்வெளி ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே வெளிறிய சாம்பல் நிறப் பாறை, ஏதோ கோட்டைச் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும். சாயங்காலம் வெயில் சாயும்போது அதுவே குங்குமப்பூவைக் கரைத்துப் பூசினாற்போல் சிவந்துவிடுகிறது. கோடானுகோடி வருஷங்களுக்கு முன்னால் இது வெதுவெதுப்பான கடலுக்குள் இருந்ததாம். பவளப் பூச்சி மாதிரியான கடல் உயிர்கள் கட்டி வைத்த திட்டுகள்தான் பிற்பாடு மேலே எழும்பி மலையாகியிருக்கின்றன. தெயோதா தெ தொலொமியூ என்ற பிரெஞ்சு அறிஞர் 1791-ல் இந்தப் பாறையைப் பற்றி எழுதினார். அவர் பெயரே பாறைக்கும் மலைக்கும் நின்றுவிட்டது. 2009-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

சரி, பாறையிலே யார் போய் இரும்பைக் கொண்டு அடித்தார்கள்?

முதலாம் உலக யுத்தம்தான் பெரிய காரணம். அதற்கு முன்னாலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்திருக்கிறது. ஆஸ்திரியாவில் டாக்ஸ்டைன் என்ற சிகரத்தில் 1843-லேயே இரும்பு முளை அடித்து வழி பண்ணியிருக்கிறார்கள். ஆனால் 1915 மே மாதம் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் இந்த மலை உச்சிகளே போர்க்களமாகிவிட்டன. ஒரு சிகரத்தில் இத்தாலியப் படை, எதிர்ச் சிகரத்தில் ஆஸ்திரியப் படை. சாப்பாடும் விறகும் குண்டும் மேலே போயாக வேண்டுமே! பாறையிலே ஏணி சாத்தினார்கள், கயிறும் வடமும் கட்டினார்கள், மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். கோர்ட்டினாவுக்குப் பக்கத்திலுள்ள லகட்சுவோய் மலையில், எதிரியின் காலுக்கடியில் சுரங்கம் வெட்டி, 1917 ஜூன் 20-ஆம் தேதி ஏறக்குறைய 33 டன் வெடிமருந்து வைத்து மலையின் ஒரு பக்கத்தையே இத்தாலியர்கள் தகர்த்தார்கள். சரிந்த கல்குவியல் இன்றைக்கும் ரோட்டிலிருந்து தெரிகிறது. அந்தச் சுரங்கங்களை இப்போது கண்காட்சியாக வைத்திருக்கிறார்கள்.

யுத்தம் என்றால் ஆண்கள் கதைதானே என்று நினைத்தேன். இல்லை. கோர்ட்டினாவுக்குக் கிழக்கே கார்னியா என்ற மலைப் பிரதேசம் இருக்கிறது. அங்கே ஆண்பிள்ளைகள் எல்லோரும் போருக்குப் போய்விட, மலை மேலிருந்த படைக்குச் சாமான் தூக்கியவர்கள் கிராமத்துப் பெண்கள். பதினைந்து வயதுச் சிறுமியிலிருந்து அறுபது வயதுப் பாட்டி வரை, முதுகிலே கூடை கட்டிக்கொண்டு, முப்பது நாற்பது கிலோ பாரம் சுமந்து ஏறியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மரியா ப்ளோட்ஸ்னர் மென்ட்டில். நாலு குழந்தைகளுக்குத் தாய். புருஷன் வேறொரு போர்முனையில். 1916 பிப்ரவரியில் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தபோது குண்டு பாய்ந்து இறந்துபோனாள். 1997-ல்தான் இத்தாலிய அரசு அவளுக்கு வீரப் பதக்கம் கொடுத்தது. எண்பது வருஷம் கழித்து! இதை முதல் நாள் ராத்திரி படித்துவிட்டு வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

யுத்தம் முடிந்ததும் அந்த வழிகளைச் செப்பனிட்டார்கள். புதிதாகவும் நிறையப் போட்டார்கள். கயிறு கட்டிப் பாறை ஏறத் தெரியாத சாதாரண ஜனங்களும் உச்சியைப் பார்க்கலாம் என்றாயிற்று. வழிகளுக்குச் சுலபம், நடுத்தரம், கடினம் என்று தரம் உண்டு. கடினமானதில் கைப்பலம் இருந்தால்தான் ஆகும். முதல் தடவை போகிறவர்களை அழைத்துப் போகும் வழிகளில் ஒன்று அவெராவ் சிகரம். உயரம் 2649 மீட்டர். பயந்துவிடாதீர்கள், பாதி உயரத்துக்கு மேல் கார் ரோடும், கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலியுமே கொண்டுபோய் விட்டுவிடுகின்றன. வடம் பிடிக்க வேண்டிய இடம் கொஞ்சம்தான்.

முந்தின நாளே மகன் ஒரு வழிகாட்டியோடு போய்விட்டு வந்திருந்தான். அன்றைக்குக் குழந்தையை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கீழே. மறுநாள் எங்கள் முறை! மருமகளுக்கு ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். "கல்யாணத்துக்கு முன்னாடி ராட்டினத்திலே ஏறிக் கத்துவேன் அத்தை. இவன் பிறந்தப்புறம் லிஃப்டிலே போகவே என்னமோ பண்ணுது" என்றாள். குழந்தை பெற்றவர்களுக்கு இது புரியும். நமக்காகப் படும் பயமா அது? நமக்கு ஏதாவது ஆனால் அதற்கு யார் என்கிற பயம்.

"குழந்தையை வச்சுக்கிட்டு இது தேவையா?" என்று ஊரிலிருந்து ஃபோனில் ஒரு குரல் கேட்டது. யார் என்று எழுத மாட்டேன். முதல் நாள் குழந்தையின் அப்பா ஏறினானே, அப்போது அந்தக் கேள்வி எழவில்லை, பாருங்கள்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. கிளம்புவதற்கு முன்பே ஊரில் டாக்டரிடம் ரத்த அழுத்தம், இருதயம் எல்லாம் பார்த்துக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். தலைசுற்றல் வியாதி உள்ளவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தப் பக்கமே போகக் கூடாது. பிரசவமாகி அதிக நாள் ஆகாதவர்களும் டாக்டர் சொன்ன பிறகுதான். இரண்டாயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேலே சிலருக்குத் தலைவலியும் மூச்சு வாங்கலும் வரலாம். முதல் நாள் ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும்.

புடவை கட்டிக்கொண்டு ஏற முடியாது என்று சொல்லத் தேவையில்லை. மருமகளின் கால்சட்டையைப் போட்டுக்கொண்டேன். (கண்ணாடியில் பார்த்து நானே சிரித்தேன்.) வழிகாட்டி வந்தார். நாற்பது வயது இருக்கும், வெயிலில் காய்ந்த முகம், இங்கிலீஷ் கொஞ்சம்தான். முதலில் எங்கள் கைகளைப் பார்த்தார். மோதிரம், வளையல் எல்லாம் கழற்றச் சொன்னார். மோதிரம் பாறையிலோ கம்பியிலோ சிக்கி, நம் பாரம் அதில் விழுந்தால் விரலே போய்விடுமாம். தாலிச் சங்கிலியைத் தொட்டுக் காட்டி, "இது கழற்ற மாட்டோம்" என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, உள்ளே தள்ளிக் கழுத்துவரை பொத்தான் போடச் சொன்னார். மருமகளின் நீளப் பின்னலைச் சுருட்டிச் சட்டைக்குள் விட வைத்தார். மெட்டியை மட்டும் அவர் பார்க்கவில்லை. ஆனால் கனத்த பூட்ஸுக்குள் அது கொப்புளம் போட்டுவிடும் என்று நானே கழற்றி மகனிடம் கொடுத்தேன்.

பிறகு சாமான்கள். இடுப்பிலும் தொடையிலும் சுற்றிப் பூட்டுகிற வார், தலைக்கு ஹெல்மெட், கைக்கு விரல் நுனி இல்லாத தோல் கையுறை. முக்கியமானது அந்த இரட்டை வார்தான். இடுப்பிலிருந்து ஒன்றாகப் புறப்பட்டு இரண்டாகப் பிரிந்து, நுனிக்கு ஒரு கொக்கி. அடியில் சின்ன பை ஒன்று. அதற்குள் என்ன என்று கேட்டேன். மடித்து மடித்துத் தைத்த நாடாவாம். நாம் விழுந்தால் கீழே இருக்கும் முளை வரைக்கும் சர்ரென்று போய்த்தான் நிற்போம். அந்த இழுப்பு உடம்பைப் பலமாக வெட்டி இழுக்கும். அப்போது இந்தத் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்து அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். ஒருமுறை பிரிந்த வாரை மறுபடி உபயோகிக்கக் கூடாது. 2012-ல் ஆஸ்திரியாவில் இப்படி வார் அறுந்து ஒரு மரணம் நடந்தது. அதன் பிறகு பல மாதிரிகளைக் கம்பெனிகள் திரும்பப் பெற்றுக்கொண்டன. 2017-ல் ஐரோப்பியத் தர விதியையும் திருத்தினார்கள். இப்போதைய வார்கள் நாற்பது கிலோவிலிருந்து நூற்றிருபது கிலோ வரை எடையுள்ளவர்களுக்குத்தான். குழந்தைகள் எடை குறைவாக இருந்தால் தையல் சரியாகப் பிரியாது. அவர்களைத் தனியாகக் கயிறு கட்டி வழிகாட்டிதான் பிடிக்க வேண்டும். பிள்ளைகளோடு போகிற தாய்மார்கள் இதை மறந்துவிடக் கூடாது.

முளை வரும் இடத்தில் வடத்தோடு கொக்கி மேலே போகாது. ஒன்றைக் கழற்றி முளைக்கு அந்தப் பக்கம் மாட்ட வேண்டும். மாட்டி, இழுத்துப் பார்த்து, அதன்பின் இரண்டாவதைக் கழற்ற வேண்டும். எந்த நேரத்திலும் ஒரு கொக்கியாவது வடத்தில் இருக்க வேண்டும். தரையில் நின்று பத்துத் தடவை செய்யச் சொன்னார். சரியாகச் செய்தால் "ப்ராவா!" என்பார். அவசரப்பட்டால் "பியானோ, பியானோ." வாத்தியத்தைச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். இத்தாலிய பாஷையில் பியானோ என்றால் 'மெதுவாக' என்று அர்த்தமாம்.

காலை முதல் நாற்காலியிலேயே மேலே போய்விட்டோம். கோடையில் அங்கே மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும். இடி நேரத்தில் அந்த இரும்பு வடத்தின் அருகே இருப்பதைப் போல ஆபத்து வேறில்லை. அதனால்தான் இவ்வளவு சீக்கிரம். நாற்காலி இறக்கிவிட்ட இடத்தில் சிங்க்குவே டோர்ரி, அதாவது ஐந்து கோபுரங்கள், நிற்கின்றன. கோயில் கோபுரம் மாதிரி தனித்தனிப் பாறைகள். யுத்தத்தில் இத்தாலியப் பீரங்கிப் படை இருந்த இடம். பதுங்கு குழிகளை அப்படியே வைத்திருக்கிறார்கள். சின்னக் கோபுரம் ஒன்று 2004-ல் தானாகவே சாய்ந்து விழுந்துவிட்டதாம். அதை எங்களிடம் அப்போது சொல்லியிருக்க வேண்டாம்!

அங்கிருந்து முக்கால் மணி நடை. அவெராவ் விடுதி, 2413 மீட்டரில். மகனையும் பேரனையும் அங்கே விட்டோம். குழந்தை அம்மாவின் ஹெல்மெட்டைத் தட்டித் தட்டிச் சிரித்தது. அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

பாறை அடியில் வந்து நின்றால்... நேராக மேலே போகிறது! ஆரம்பமே செங்குத்து. வழிகாட்டி எங்கள் இருவரையும் தம் இடுப்போடு ஒரு கயிற்றிலும் கட்டிக்கொண்டார். நடுவில் மருமகள், கடைசியில் நான். கொக்கிகளை மாட்டினோம். பாறை சில்லென்று இருந்தது. வடமும் அப்படியே.

முதல் சில அடிகளில் ஒன்று புரிந்தது. பயத்தில் நாம் கையால் தொங்குகிறோம். கையால் தொங்கினால் ஐந்து நிமிஷத்தில் முழங்கை செத்துப்போகிறது. "கால், கால்" என்று மேலேயிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. பரண் மேலிருந்து பித்தளை அண்டாவை இறக்க ஏணியில் எப்படி ஏறுவோம்? காலை ஊன்றி எழும்புவோம். கை ஏணியைச் சும்மா பிடித்திருக்கும். அதேதான். பாதத்தின் முன்பாகத்தைச் சின்னத் துருத்தலில் வைத்து நிமிர்ந்தால் உடம்பு தானாக மேலே போகிறது. இது பிடிபட்டதும் எனக்கு மூச்சு சீரானது.

நாலாவது முளையில் மருமகள் நின்றுவிட்டாள்.

நான் கீழேயிருந்து பார்க்கிறேன். அவள் பூட்ஸ் தையல் இயந்திரம் மாதிரி தடதடவென்று ஆடுகிறது. இரண்டு கையும் வடத்தை இறுக்கி, விரல் கணுக்கள் வெளுத்துவிட்டன.

"அத்தை, எனக்கு முடியலை."

"சரிம்மா. நில்லு."

"குழந்தை அங்கே..."

"அவன் அப்பாகிட்டே இருக்கான். நீ ரெண்டு கொக்கியும் மாட்டியிருக்கியா? பார்த்துச் சொல்லு."

பதில் வர நேரமாயிற்று. "மாட்டியிருக்கேன்."

வழிகாட்டி அவசரப்படுத்தவே இல்லை. கயிற்றை இறுக்கிப் பிடித்து, அவளை வாரில் பின்னால் சாய்ந்து உட்காரச் சொன்னார். அதுதான் கஷ்டம்! கையை விட்டுவிட்டுக் காற்றிலே உட்காருவதென்றால்? அவள் உட்கார்ந்தாள். வார் தாங்கியது. கையைக் கீழே தொங்கவிட்டு உதறினாள். ரத்தம் ஓடட்டும் என்றார் அவர். கால் நடுங்கினால் குதிகாலைத் தாழ்த்தினால் நிற்கும் என்றும் காட்டினார், அப்படியே நின்றது. பிறகு, "கீழே போகலாமா, மேலே போகலாமா? இரண்டும் நல்லதுதான்" என்று கேட்டார். பரிகாசமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே திரும்பிப் போகத் தயாராக இருந்தார். முதன்முறை போகிறவர்கள் இப்படிப்பட்ட வழிகாட்டியைத்தான் தேட வேண்டும் என்பேன்.

நான் வாய் திறக்கவில்லை. "வா, உன்னால் முடியும்" என்று சொல்வது சுலபம். முடிவு அவளுடையது.

இரண்டு நிமிஷம் இருக்கும். ஒரு கொக்கி முளையைத் தாண்டி 'க்ளிக்' என்றது. அடுத்தது 'க்ளிக்'. "ஒண்ணு" என்று அவள் எண்ண ஆரம்பித்தாள். நானும் கீழேயிருந்து என் முளைகளை எண்ணினேன். பதினேழு வரைதான் எண்ணிக்கை நினைவிருக்கிறது. அதற்குள் பாறைப் பிளவு ஒன்றில் நுழைந்துவிட்டோம். இரண்டு பக்கமும் சுவர் இருந்ததால் பயம் பாதியாகிவிட்டது. கீழே பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்த்தேன். காலுக்கு நடுவில் விடுதியின் கூரை தீப்பெட்டி அளவில் தெரிந்தது. வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. பிறகு அடுத்த கொக்கியைக் கவனிக்க வேண்டியிருந்தது. பயப்படக்கூட நேரம் கொடுக்காத வேலை அது.

வடம் முடிந்த பிறகு சரளைக் கற்களில் நடைதான். உச்சியில் ஒரு சிலுவை. அதற்கப்புறம் நாலா பக்கமும் மலை, மலை, மலை! ஒரு பக்கம் தோஃபானா. இன்னொரு பக்கம் பெல்மோ. மேற்கே 3343 மீட்டர் மர்மோலாடா, தலையில் பனியோடு. 2022 ஜூலை 3-ஆம் தேதி அந்தப் பனிப்பாறையின் ஒரு பகுதி உடைந்து சரிந்து பதினொரு பேர் இறந்தார்கள் என்று சொல்லி வழிகாட்டி ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார். கிட்டத்திலே நுவோலாவ் விடுதி, பாறை நுனியில் குருவிக்கூடு மாதிரி. 1883-ல் கட்டியதாம், டோலமைட்டிலேயே பழைய மலைவிடுதி. நூற்றைம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். அப்போது சாமான்களை எப்படிக் கொண்டுபோனார்களோ!

மருமகள் சிலுவையடியில் உட்கார்ந்து அழுதாள். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன்.

இறங்குவதும் அதே வழி. ஏறுவதைவிட எனக்கு இதுதான் சிரமமாக இருந்தது. கால் வைக்கும் இடம் தெரிவதில்லை, முழங்காலும் பேசுகிறது. முகம் பாறையைப் பார்க்கத் திரும்பி, ஒவ்வொரு காலாக இறக்க வேண்டும். மேலே வருகிறவர்களுக்கு வழிவிட முளையருகே காத்திருக்க வேண்டும். ஒரே வடத் துண்டில் இருவர் இருக்கக் கூடாது. கீழே தரையைத் தொட்டபோது மர்மோலாடா பக்கம் மேகம் கறுக்க ஆரம்பித்திருந்தது.

விடுதி வாசலில் பேரன் அம்மாவைப் பார்த்ததும் எங்கேயும் போகாதவள் வந்தது போல "ஜூஸ்" என்றான்.

எங்களுக்கோ அகோரப் பசி. சைவத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டதற்கு 'கசுன்சியே' கொண்டுவந்தார்கள். கோர்ட்டினா பக்கத்துப் பண்டம். நம் சோமாசி மாதிரி அரைவட்டமாக மடித்த மாவு, உள்ளே வேகவைத்து மசித்த பீட்ரூட் பூரணம். வெந்நீரில் வேகவிட்டு எடுத்து, உருக்கிய வெண்ணெய் ஊற்றி, துருவிய சீஸும் கசகசாவும் தூவித் தருகிறார்கள். மாவின் வழியே சிவப்பு லேசாகத் தெரிவது பார்க்கவே அழகு. (மாவில் முட்டை சேர்ப்பதுண்டு, சாப்பிடாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளவும்.) மருமகள் இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது. வீட்டில் செய்தால் நான் பூரணத்தில் ஒரு பச்சை மிளகாய் சேர்ப்பேன். கசகசாவையும் லேசாக வறுத்துத்தான் தூவுவேன்.